எட்டு ஜிகாபைட் மடிக்கணினியில் ஐசிஸ் மென்பொருள்: நிலவுப் படங்களுக்காக மண்டபத்திலிருந்து ஒரு கேள்வி

மண்டபம் ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மண்டபம் பகுதியில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பிக்கிறேன். சந்திரயான்-3 தரையிறங்கிய இடத்தின் படத்தை மூலத் தரவிலிருந்தே உருவாக்கிப் பார்க்க வேண்டும் என்று பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சிலர் ஆர்வமாக இருக்கிறார்கள். இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் படத்தைத் திரையில் காட்டுவது எளிது. ஆனால் விண்கலம் அனுப்பிய எண்கள் எவ்வாறு படமாகின்றன, அந்தப் படத்தில் உள்ள ஒரு புள்ளி நிலவின் எந்த இடத்தைக் குறிக்கிறது என்பதை எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள் என்பவற்றை மாணவர்கள் தம் கையால் செய்து அறிய வேண்டும் என்பதே என் விருப்பம். 2019ஆம் ஆண்டில் சந்திரயான்-2இன் விக்ரம் கலம் நிலவில் மோதிய இடத்தின் சிதறலை, நாசா பொதுவில் வெளியிட்ட, எல்.ஆர்.ஓ. என்னும் நிலவுச் சுற்றுக்கலத்தின் படங்களை ஒப்பிட்டுப் பார்த்து முதலில் சுட்டிக்காட்டியவர் சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் என்று வகுப்பில் சொன்னதிலிருந்து இந்த ஆர்வம் இன்னும் கூடியிருக்கிறது.

இதற்கு அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் விண்புவியியல் பிரிவு உருவாக்கி இலவசமாக வழங்கும், விண்கலப் படங்களைச் செயலாக்கும் ஐசிஸ் மென்பொருளே ஏற்றது என்று படித்தேன். என்னிடம் இருப்பது 8 ஜிகாபைட் நினைவகம் கொண்ட, விண்டோஸ் 11 இயங்கும் மடிக்கணினி. வட்டில் 150 ஜிகாபைட் அளவுக்கு இடம் இருக்கிறது. இணையத்துக்குக் கைபேசியைத்தான் நம்பியிருக்கிறேன். இரவில் வேகம் நன்றாக இருக்கும், பகலில் சொல்ல முடியாது. விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்க உதவும் டபிள்யூ.எஸ்.எல். வழியாக உபுண்டு லினக்ஸை நிறுவி, கொண்டா தொகுப்பு மேலாளரைக் கொண்டு ஐசிஸை நிறுவ முயன்றால், பொருத்தமான தொகுப்புகளைக் கணக்கிடும் கட்டத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு, கொல்லப்பட்டது என்ற ஒற்றைச் சொல்லுடன் வெளியேறிவிடுகிறது. அதைக் கடந்தாலும் இன்னொரு தடை தெரிகிறது. எல்.ஆர்.ஓ. பணிக்குரிய துணைத் தரவு மட்டுமே நூற்றுக்கணக்கான ஜிகாபைட் என்கிறார்கள். அதை இங்கிருந்து இறக்குவது இயலாது, இறக்கினாலும் வைக்க இடமில்லை.

இந்தக் கணினியையும் இந்த இணையத்தையும் வைத்துக்கொண்டு இதைச் செய்ய வழி உண்டா? செய்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கீழக்கரை மென்பொருளாளர் எழுதியது:

வணக்கம் அம்மா. தாராளமாகச் செய்யலாம். உங்கள் கணினி சிறியதுதான், ஆனால் போதும். ஐசிஸைப் பொறுத்தவரை மென்பொருள் என்பது வேறு, அதற்கு வேண்டிய தரவு என்பது வேறு. மென்பொருள் சில ஜிகாபைட்டுக்குள் அடங்கிவிடும். மலைக்க வைப்பது தரவுதான். அதிலும் உங்களுக்கு வேண்டியது மிகச் சிறு பங்கு. கட்டளைகளின் சரியான எழுத்துவடிவத்தை ஐசிஸின் அதிகாரபூர்வ வழிகாட்டியிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எதை, எந்த வரிசையில், எதற்காகச் செய்ய வேண்டும் என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நிரல் கொல்லப்படும் சிக்கல். டபிள்யூ.எஸ்.எல். இயல்பாகக் கணினியின் நினைவகத்தில் பாதியைத்தான் உபுண்டுவுக்குத் தருகிறது. ஆக உங்கள் உபுண்டுவுக்குக் கிடைப்பது 4 ஜிகாபைட் மட்டுமே. ஐசிஸ் நூற்றுக்கும் மேற்பட்ட துணைத் தொகுப்புகளைச் சார்ந்திருப்பதால், அவற்றின் பதிப்புகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் கணக்கு அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. அப்போது லினக்ஸ் கரு அந்த நிரலை நிறுத்திவிடுகிறது. விண்டோஸில் உங்கள் பயனர் கோப்புறையில், புள்ளியில் தொடங்கும் டபிள்யூ.எஸ்.எல்.கான்ஃபிக் என்ற உரைக்கோப்பை உருவாக்கி, நினைவகத்தை 6 ஜிகாபைட்டாகவும் இடமாற்று நினைவகத்தை 8 ஜிகாபைட்டாகவும் குறித்துவிடுங்கள். பிறகு டபிள்யூ.எஸ்.எல்.லை முழுவதுமாக நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். சாளரத்தை மூடித் திறப்பது மட்டும் போதாது.

அடுத்து, பழைய கொண்டாவை வைத்துப் போராட வேண்டாம். மினிஃபோர்ஜ் என்ற நிறுவியை இறக்கிக்கொள்ளுங்கள். அதனுடன் மாம்பா என்ற தொகுப்பு மேலாளர் வருகிறது. தொகுப்புகளைப் பொருத்தும் கணக்கை அது மிக விரைவாக முடிக்கிறது. கொண்டாவும் 23.10ஆம் பதிப்பிலிருந்து அதே கணக்கு நிரலையே இயல்பாகப் பயன்படுத்துகிறது என்பதால், உங்களிடம் இருப்பது அதற்கு முந்தைய பதிப்பாக இருக்கலாம். ஐசிஸுக்கென்று ஒரு தனிச்சூழலை உருவாக்கி, அதில் மட்டும் நிறுவுங்கள். அடிப்படைச் சூழலில் நிறுவினால் மற்றத் தொகுப்புகளுடன் மோதும். பிறகு எதை நீக்குவது, எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் அழித்துத் தொடங்க வேண்டிவரும். அந்தச் சூழலில் கொண்டா-ஃபோர்ஜ், யு.எஸ்.ஜி.எஸ்.-ஆஸ்ட்ரோஜியாலஜி ஆகிய இரண்டு தொகுப்பு மூலங்களையும் (சேனல்) சேர்த்து, அவற்றின் முன்னுரிமையை நெகிழ்வானதாக அமையுங்கள். கண்டிப்பான முன்னுரிமை இருந்தால் சில தொகுப்புகள் இருந்தும் இல்லாதவை போல ஒதுக்கப்பட்டுவிடும்.

நிறுவிய பின் ஐசிஸ்ரூட், ஐசிஸ்டேட்டா என்னும் இரண்டு சூழல் மாறிகளை அந்தத் தனிச்சூழலுக்குள்ளேயே பதிந்துவிடுங்கள். முதலாவது மென்பொருள் இருக்கும் இடம். இரண்டாவது தரவு இருக்கும் இடம். பதிந்த பிறகு சூழலிலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் அவை நடைமுறைக்கு வரும். பலர் இங்கேதான் தடுமாறி, நிறுவலே பழுது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தரவையும் படங்களையும் உபுண்டுவின் சொந்தக் கோப்பு முறைமையில், உங்கள் இல்லக் கோப்புறைக்குள் வையுங்கள். விண்டோஸின் சி அல்லது டி இயக்ககத்தில் வைத்துவிட்டு உபுண்டுவிலிருந்து அணுகினால், ஒவ்வொரு வாசிப்பும் இரண்டு இயங்குதளங்களுக்கு இடையிலான பாலத்தைக் கடந்து வர வேண்டியிருப்பதால் வேலை மிகவும் மந்தமாகிவிடும்.

இப்போது தரவு. எல்.ஆர்.ஓ.வுக்கான கோப்புறையில் இடத்தை அடைப்பவை ஸ்பைஸ் கருக்கோப்புகள்தான். ஒரு குறிப்பிட்ட நொடியில் விண்கலம் எங்கே இருந்தது, எந்தத் திசையை நோக்கியிருந்தது, படக்கருவி அதில் எந்தக் கோணத்தில் பொருத்தப்பட்டுள்ளது, விண்கலத்தின் கடிகாரம் நம் நேரத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்பவற்றையெல்லாம் அவை வைத்திருக்கின்றன. எல்.ஆர்.ஓ. 2009ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஏவப்பட்டது. அன்று முதல் இன்று வரையிலான இருப்பிடமும் திசைநோக்கும் சேர்ந்தால் அவ்வளவு பெரிதாகத்தான் இருக்கும். உங்களுக்குத் தேவைப்படுவதோ ஒரு படம் எடுக்கப்பட்ட சில நொடிகளுக்கு உரியது. எனவே ஸ்பைஸ்இனிட் கட்டளையை வலைச்சேவை விருப்பத்துடன் இயக்குங்கள். அது உங்கள் படத்தின் தலைப்புக் குறிப்பை வழங்கிக்கு அனுப்பி, தேவையான பகுதியை மட்டும் பெற்று, படக்கோப்பின் உள்ளேயே பதித்துவிடும். பதித்த பிறகு அந்தக் கோப்புக்கு இணையமே வேண்டாம். இரவில் வீட்டில் இதை முடித்து, விரலியில் எடுத்துப்போய்ப் பள்ளியில் மற்ற வேலைகளைச் செய்யலாம்.

ஆனால் வலைச்சேவை அளவீட்டுத் திருத்தக் கோப்புகளைத் தராது. படக்கருவியின் ஒவ்வோர் உணர்வுப்புள்ளியும் ஒளியை ஒரே அளவாகப் பதிவதில்லை; அந்த வேறுபாட்டைச் சரிசெய்யும் கோப்புகள் எல்.ஆர்.ஓ. கோப்புறையில் தனியாக இருக்கின்றன. ஐசிஸுடன் வரும் தரவு இறக்கும் நிரலுக்கு, எல்.ஆர்.ஓ. கோப்புறையில் கருக்கோப்புகளைத் தவிர்த்து மற்றவற்றை மட்டும் இறக்கு என்று வடிகட்டி கொடுக்கலாம். அந்த நிரல் உள்ளே ஆர்க்ளோன் என்பதைப் பயன்படுத்துவதால், நடுவில் இணைப்பு அறுந்தாலும் மின்சாரம் நின்றாலும் அதே கட்டளையை மறுபடி கொடுத்தால் முழுமையாக வந்த கோப்புகளை விட்டுவிட்டு மீதியை மட்டும் இறக்கும். இறக்குவதற்கு முன், ஒத்திகை விருப்பத்தைச் சேர்த்து எவையெல்லாம் வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைபேசி இணையத்தில் இது அவசியம்.

பேஸ் என்ற பொதுக் கோப்புறையில் நிலவு, செவ்வாய் எனப் பல வான்பொருள்களின் உயர வரைபடங்களும் இருப்பதால் அதுவும் பெரிது. ஸ்பைஸ்இனிட் கட்டளையில் நிலவின் வடிவத்தை வெறும் கோளம் என்று குறித்துவிட்டால் உயர வரைபடங்களை முழுவதும் தவிர்த்துவிடலாம்.

பிறகு செயல்வரிசை. மூலப் படத்தை எல்ரோநாக்2ஐசிஸ் கொண்டு ஐசிஸின் கியூப் கோப்பு வடிவத்துக்கு மாற்றுங்கள், ஸ்பைஸ்இனிட் செய்யுங்கள், எல்ரோநாக்கால் கொண்டு ஒளியளவைத் திருத்துங்கள், எல்ரோநாக்எக்கோ கொண்டு மின்னணு எதிரொலியை நீக்குங்கள், கடைசியாகக் கேம்2மேப் கொண்டு வரைபடத்தில் ஏற்றுங்கள். எல்.ஆர்.ஓ.வின் குறுங்கோணப் படக்கருவி இடம், வலம் என இரண்டாக இருப்பதால் ஒவ்வொரு படமும் இரண்டு கோப்புகளாக வரும். ஒவ்வொன்றையும் தனித்தனியே இந்த வரிசையில் கொண்டு செல்ல வேண்டும். அந்தக் கருவி ஒரே சமயத்தில் ஒரு வரியை மட்டும் பதிந்து, விண்கலம் நகர நகரப் படத்தை நீட்டிக்கொண்டே போகும் வகையைச் சேர்ந்தது. வரிக்கு 5,064 புள்ளிகள், முழுப் படத்துக்கு 52,224 வரிகள். மூலக் கோப்பு 260 மெகாபைட் அளவுதான். ஆனால் ஒளியளவு திருத்திய பின் ஒவ்வொரு புள்ளியும் 8 பிட்டிலிருந்து 32 பிட்டாக மாறுவதால் அதுவே ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். ஒவ்வொரு படியும் புதுக் கோப்பையும் உருவாக்கும். எனவே எதிரொலியை நீக்கிய பின், உங்களுக்கு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்து அதை மட்டும் வரைபடமாக்குங்கள். திருத்துவதற்கு முன் வெட்டக் கூடாது. எந்த உணர்வுப்புள்ளிக்கு எந்தத் திருத்தம் என்ற கணக்கு முழு வரியை நம்பியிருக்கிறது.

தொண்டி ஆய்வு மாணவர் எழுதியது:

கீழக்கரை அண்ணன் சொன்ன நிறுவல் முறையில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால் கோளம் என்று குறித்து உயர வரைபடத்தைத் தவிர்க்கலாம் என்ற இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். ஆசிரியை அவர்கள் எடுத்துக்கொண்ட இடத்துக்கு அது பொருந்தாது.

சந்திரயான்-3 தரையிறங்கியது 2023 ஆகஸ்ட் 23. நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 27 அன்று எல்.ஆர்.ஓ. அந்த இடத்தைப் படம் எடுத்தது. விண்கலம் அப்போது நேர் மேலே இல்லை. 42 பாகை சாய்ந்து பக்கவாட்டில் பார்த்து எடுத்த படம் அது. பாம்பன் கலங்கரை விளக்கத்தைச் சாய்வான உயரத்திலிருந்து படம் எடுத்தால், அதன் அடி இருக்கும் இடமும் உச்சி படத்தில் விழும் இடமும் வேறு வேறாக இருக்கும் அல்லவா, நிலவின் மேடு பள்ளங்களுக்கும் அதே விதிதான். ஐசிஸுக்குக் கோளம் என்று சொன்னால், அது நிலவை 1,737.4 கிலோமீட்டர் ஆரமுள்ள வழவழப்பான பந்தாக எடுத்துக்கொண்டு, பார்வைக்கோடு அந்தப் பந்தைத் தொடும் இடத்தையே ஆயத்தொலைவாகத் தரும். உண்மைத் தரை அதைவிட ஒரு கிலோமீட்டர் தாழ்ந்தோ உயர்ந்தோ இருந்தால் பிழை எவ்வளவு என்பதை, உயர வேறுபாட்டைச் சாய்வுக்கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்கி அறியலாம். 42 பாகையின் டேன்ஜென்ட் 0.9. ஆகவே குறைந்தது 900 மீட்டர் தள்ளிப்போகும். நிலவின் வளைவால் தரையில் அந்தக் கோணம் இன்னும் கூடும் என்பதால் பிழையும் கூடும். ஒரு புள்ளிக்கு ஒரு மீட்டர் அளவுக்கு விவரம் காட்டக்கூடிய படத்தில் இது மிகப் பெரிய விலகல். தென் துருவத்தை ஒட்டிய நிலப்பகுதியில் உயர வேறுபாடுகள் கிலோமீட்டர் கணக்கில்தான் இருக்கின்றன.

எனவே பேஸ் கோப்புறையில் எல்.ஆர்.ஓ.வின் லேசர் உயரமானி அளந்த, நிலவுக்கான லோலா உயர வரைபடத்தை மட்டுமாவது இறக்கிக்கொள்ளுங்கள். செவ்வாய் முதலியவற்றுக்கு உரியவற்றை வடிகட்டியால் விலக்கிவிடலாம். ஒரு பாகைக்கு 128 புள்ளிகள் கொண்ட அந்த வரைபடத்தில் ஒரு புள்ளி நிலவின் நடுக்கோட்டில் ஏறக்குறைய 237 மீட்டர். சிறு குழிகளை அது காட்டாது, ஆனால் கிலோமீட்டர் அளவிலான பிழையை நீக்கிவிடும். வலைச்சேவையைப் பயன்படுத்தினாலும் இந்த வரைபடம் உங்கள் கணினியில் இருந்தாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். வலைச்சேவை அதன் பெயரைத்தான் படத்தில் பதிக்கும், கோப்பை அனுப்பாது. அது இல்லாமல் கேம்2மேப் இயக்கும்போது வரும் கோப்பு இல்லை என்ற பிழைச்செய்திக்கு இதுவே காரணம்.

சரிபார்க்க எளிய வழி காம்ப்ட் கட்டளை. தரையிறங்கிய சிவசக்தி புள்ளி தெற்கு அட்சம் 69.37 பாகை, கிழக்குத் தீர்க்கம் 32.32 பாகை. அந்த ஆயத்தொலைவைக் கொடுத்தால் அது படத்தின் எந்த வரியில், எந்தப் புள்ளியில் விழுகிறது என்றும், அங்கே பார்வைக்கோணமும் சூரியக்கோணமும் எவ்வளவு என்றும் சொல்லும். ஒரே படத்துக்குக் கோளம் வைத்து ஒரு முறையும், உயர வரைபடம் வைத்து ஒரு முறையும் காம்ப்டை இயக்கி, இரண்டு விடைகளுக்கும் உள்ள தூரத்தை மாணவர்களைக் கொண்டே அளக்கச் செய்யுங்கள். முக்கோணவியலுக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது என்பேன்.

கேம்2மேப் இயல்பாக எடுத்துக்கொள்ளும் வீழ்ப்பு, அதாவது வளைந்த தரையைத் தட்டையான வரைபடமாக்கும் முறை, சைனுசாய்டல். துருவத்துக்கு அருகில் என்பதால் மேப்டெம்ப்ளேட் கொண்டு துருவ ஸ்டீரியோகிராஃபிக் வீழ்ப்புக்கான கோப்பை உருவாக்கிக் கொடுப்பது நல்லது.

கீழக்கரை மென்பொருளாளர் எழுதியது:

தம்பி சொல்வது சரி. நேர்கீழாக எடுத்த படங்களுக்குக் கோளம் போதும். இவ்வளவு சாய்ந்த படத்துக்குப் போதாது. ஆசிரியை அவர்கள் லோலா கோப்பை இறக்கிக்கொள்ளட்டும். அதற்காக ஓர் இரவைச் செலவிட்டாலும் தகும்.

இராமேசுவரம் வானியல் ஆர்வலர் எழுதியது:

நம் நாட்டுத் தரவையும் மாணவர்களுக்குக் காட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சந்திரயான்-2 சுற்றுக்கலன் இன்னும் நிலவைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் உள்ள ஓ.எச்.ஆர்.சி. என்னும் உயர்தெளிவுப் படக்கருவி, 100 கிலோமீட்டர் உயரத்திலிருந்து ஒரு புள்ளிக்கு 25 சென்டிமீட்டர் அளவில் தரையைப் பதிகிறது. எல்.ஆர்.ஓ.வின் குறுங்கோணப் படக்கருவி 50 கிலோமீட்டர் உயரத்திலிருந்து தருவது அரை மீட்டர். இஸ்ரோவின் பிரதான் தரவுத் தளத்தில் பதிவு செய்துகொண்டால், சந்திரயான்-2இன் தரவு பி.டி.எஸ்.4 என்ற பொது வடிவத்தில் கிடைக்கிறது.

படத்தைத் திறந்து பார்ப்பதற்கும் பெரிதாக்கி அளப்பதற்கும் ஐசிஸ் தேவையே இல்லை. கியூஜிஐஎஸ் என்னும் இலவச வரைபட மென்பொருள் போதும், அது விண்டோஸிலேயே இயங்கும். அதற்கு அடிப்படையாக உள்ள ஜி.டால் நூலகம் பி.டி.எஸ்.4 கோப்புகளையும் ஐசிஸின் கியூப் கோப்புகளையும் வாசிக்கும். ஆகவே ஆசிரியை வீட்டில் ஐசிஸ் கொண்டு உருவாக்கிய வரைபடப் படத்தைப் பள்ளியில் உள்ள மற்றக் கணினிகளில் கியூஜிஐஎஸ் கொண்டு திறக்கலாம். எல்லாக் கணினிகளிலும் ஐசிஸை நிறுவ வேண்டிய சுமை இல்லை. கலாம் பிறந்த இந்தத் தீவில் விண்வெளி என்றால் பிள்ளைகளின் கண்ணில் தனி ஒளி தெரிகிறது. அவர்கள் கையில் மூலத் தரவே கிடைக்கும் காலம் இது என்பதை நினைத்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது.

மண்டபம் ஆசிரியை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நினைவகத்தைக் கூட்டி, மினிஃபோர்ஜ் கொண்டு நிறுவியதும் தடையின்றி முடிந்தது. அளவீட்டுத் திருத்தக் கோப்புகளும் லோலா வரைபடமும் இரவில் இறங்கின. நடுவில் மின்சாரம் போய் வந்தபோது அதே கட்டளையை மீண்டும் கொடுத்தேன், விட்ட இடத்துக் கோப்பிலிருந்து தொடர்ந்தது. வலைச்சேவை வழியாக ஸ்பைஸ்இனிட்டும் நிறைவேறியது. காம்ப்ட் பயிற்சியை மாணவர்களிடம் கொடுத்திருக்கிறேன். கோளத்துக்கும் உயர வரைபடத்துக்கும் இடையே விடை மாறுவதைப் பார்த்து, எது சரி என்று அவர்களுக்குள் பெரிய விவாதமே நடந்தது.

ஒரே ஓர் ஐயம். ஒளியளவு திருத்திய படத்தை ஐசிஸின் படம் காட்டும் நிரலான கியூவியூ கொண்டு திறந்தால் சில பகுதிகள் முற்றிலும் கருப்பாகத் தெரிகின்றன. திருத்தத்தில் ஏதும் பழுது இருக்குமா? மேலும், வகுப்பறைச் சுவரில் ஒட்டுவதற்கு இதைச் சாதாரணப் படக்கோப்பாக மாற்றுவது எப்படி?

கீழக்கரை மென்பொருளாளர் எழுதியது:

பழுது இல்லை அம்மா. திருத்திய கோப்பில் இருப்பது 0 முதல் 255 வரையிலான எண்கள் அல்ல. தரை, தன்மீது விழுந்த சூரிய ஒளியில் எந்தப் பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்ற சிறு பின்னங்கள். 69 பாகைத் தென் அட்சத்தில் சூரியன் வானில் தாழ்வாகவே இருப்பதால் குழிகளுக்குள் நீண்ட நிழல் விழும். அங்கே கருப்பாகத் தெரிவது இயல்பு. கியூவியூவில் நீட்சிக் கருவியைத் திறந்து, இருண்ட முனையிலும் ஒளிர்ந்த முனையிலும் அரை சதவீதம் புள்ளிகளை ஒதுக்கிப் பாருங்கள்; தரையின் விவரம் எழுந்து வரும். சந்திரயான்-3இன் விக்ரம் கலத்தைத் தேடும்போது கலத்தை மட்டும் தேடாதீர்கள். தரையிறங்கும் பொறிகளின் புகைவீச்சு மேல்மண்ணைக் கலைத்ததால் சுற்றிலும் உண்டான வெளிர் வளையத்தையும், அதன்மீது விழும் கலத்தின் கரிய நிழலையும் தேடச் சொல்லுங்கள். கண்டுபிடிக்க அவைதான் உதவும்.

சாதாரணப் படக்கோப்பாக்க ஐசிஸ்2எஸ்டிடி கட்டளை இருக்கிறது. அதே நீட்சி அளவைக் கொடுத்து 8 பிட் பி.என்.ஜி. கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். வரைபடத்தில் ஏற்றிய படமாக இருந்தால் அதனுடன் ஒரு சிறு உலகக்கோப்பும் உருவாகும். ஒவ்வொரு புள்ளியின் அளவும் மூலைப் புள்ளியின் இருப்பிடமும் அதில்தான் இருக்கின்றன என்பதால், இரண்டையும் ஒரே பெயரில் ஒரே கோப்புறையில் வைத்தே பள்ளிக்குக் கொண்டுசெல்லுங்கள்.